இன்னா வாறேன்

கிணற்று மோட்டார் நின்றுபோன அன்று
ஞானசிகாமணிக்குப் போன் போட்டேன்.
"இன்னா வாறேன்" என்றார்.

யோரன் எழுந்து வாசலில் போய் நின்றான்.
அவன் ஊரில், உப்சாலாவில்,
எட்டுக்கும் எட்டேகாலுக்கும் நடுவே வருவேன் என்று
குழாய்க்காரர் முதல்நாளே எழுதி அனுப்புவார்.
எட்டு மூன்றுக்கு உள்ளே நின்று
ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பார்.
இங்கே அவன்
காலைச் சாயாவிலிருந்து மத்தியான மரச்சீனிவரை நின்றான்.

"இன்னா என்றால் எத்தனை நிமிஷம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கருங்கல்லில் பிறந்து இருபத்தாறு வருஷம்
அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறேன்,
அளந்து பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் அவர் வந்தார்,
யோரனைப் பார்க்க.
கையில் ஸ்பேனர் இல்லை,
ஒரு சீப்பு மட்டிப்பழம்.
உங்க ஊர்ல ஐஸ் எந்த மாசம் உருகும்,
கிணறு உண்டுமா,
உண்டுமெங்கில் அதுக்க உள்ள தவளை என்ன செய்யும்.
ஒன்றரை மணி நேரம்
இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து
எனக்குத் தொண்டை வறண்டது.
போகும்போது கிணற்றை எட்டிப் பார்த்தார்.
"ஃபுட் வால்வு போயிருக்கும். இன்னா வாறேன்."

மூன்றாம் நாள் யோரன்
சந்தையில் வாளியும் கயிறும் வாங்கி வந்தான்.
நான்காம் நாள் அவன் உள்ளங்கை கொப்பளித்தது.

ஐந்தாம் நாள் விடியுமுன்
சர்ச் மணி விட்டுவிட்டு அடித்தது.
ஒலிபெருக்கியில் அவர் பெயர்.

ஒன்பதரைக்கெல்லாம் முக்கில் பிளெக்ஸ் ஏறிவிட்டது.
யாருடைய கல்யாணத்துக்கோ போட்ட கோட்டில்
ஞானசிகாமணி சிரித்தார்.
பத்துக்குப் பந்தல். பத்தேகாலுக்கு நாற்காலி.
எங்கள் மதிலுக்கு ஏழு மாதம் எடுத்த அருளப்பன்
குழிக்குள் இறங்கி
நாற்பது நிமிஷத்தில் செங்கல் கட்டிப் பூசி
ஏறி வந்து
சாயா குடித்தார்.
யாரும் யாரையும் கூப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு அடக்கம்.
மூன்றே முக்காலுக்கு யோரன்
பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தான்,
கறுப்புச் சட்டை கிடைக்காமல்.
"இன்றைக்கேவா?" என்றான்.
"நேற்று அவர் ரோட்டில் கை காட்டினார்."
பிறகு ஸ்வீடிஷில், தனக்குள் போல:
"யாருக்கு இவ்வளவு அவசரம்?"

அவன் அம்மா இறந்தது ஒரு பிப்ரவரியில்.
அடக்கம் இருபத்தாறாம் நாள், பகல் ஒரு மணி.
எல்லோரும் டைரியைப் பார்த்து
ஒத்துப்போன தேதி அது.
அந்த இருபத்தாறு நாளும்
என் அம்மா இங்கிருந்து கூப்பிட்டாள்.
முடிஞ்சுதா?
இல்லை.
அப்போ எங்க வச்சிருக்குது?
குளிரில், அம்மா. ஆஸ்பத்திரியில்.
தனிச்சா?
அதை நான் யோரனுக்கு மொழிபெயர்க்கவில்லை.
அவன் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்து
அம்மாவின் ஸ்வெட்டர்களை
ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தான்.
அவசரமே இல்லாமல்.
அவசரப்பட்டால் ஏதோ ஒன்று
மடிபடாமல் போய்விடும் என்பதுபோல.

நீலச் சட்டையிலேயே வந்தான்.
கல்லறைத் தோட்டத்தில் பின்னால் நின்றான்.
எல்லோரையும் போல ஒரு பிடி மண் எடுத்தான்.
முன்னால் இருந்தவர்கள் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்,
பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்,
அவன் மட்டும் கையைத் திறக்காமல் நின்றான்.
அருளப்பன்தான் அவன் முழங்கையைத் தொட்டு
"பைய, பைய" என்று
கூட்டத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டேன்.
கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.
"இன்னா வாறேன்."
றகரம் முதல்தடவையாகச் சரியாக விழுந்திருந்தது.

எத்தனை நிமிஷம் என்று நான் கேட்கவில்லை.
கஞ்சியை இரண்டு தரம் சூடாக்கினேன்.